இடைநிற்போர் அறம்: கம்பியில்லாத் தொடர்பும் ஒத்துழையாமையும்

மனிதன் மனிதனோடு தொடர்பு கொள்வதற்குப் பெரும்பாலும் மூன்றாம் மனிதன் ஒருவன் தேவைப்படுகிறான். செய்தியை விடுப்போன் ஒருவன்; பெறுவோன் ஒருவன்; இவ்விருவருக்கும் இடையில் நின்று அதனைக் கொண்டு சேர்ப்போன் இன்னொருவன். சொல்வோனின் வாய்மை பற்றியும் கேட்போனின் பண்பு பற்றியும் அறநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இடைநிற்போனைப் பற்றியும் அவை பேசாமலில்லை. திருக்குறளில் தூது என ஓர் அதிகாரமே உண்டு. ஆயின் அங்குப் பேசப்படும் தூதன் அரசனால் தேர்ந்து அனுப்பப்பட்டவன், அப்பணியை ஏற்றுக்கொண்டவன். எவராலும் தேரப்படாது, எதனையும் ஏற்காது, தான் இருக்கும் இடத்தின் காரணமாக மட்டுமே பிறர் செய்திக்கு வழியாக அமைந்துவிட்ட ஒருவனின் கடமை யாது? அவன் அச்செய்தியைக் கடத்திவிடுதல் உதவியா, கடனா? கடத்தாது வாளாவிருப்பின் அவனைத் தவறிழைத்தவன் எனக் கூறலாகுமா?

பழமையான இவ்வினாவுக்குத் தற்காலத் தொடர்பியல் ஒரு துல்லியமான வடிவத்தைத் தந்துள்ளது. அவ்வடிவத்தை மலையகத்தின் ஒரு மூலையில், நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், பொருத்திப் பார்த்தல் அறவியல் மாணவர்க்கும் பொறியியல் மாணவர்க்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

கோபுரமில்லா வலையமைப்பு

சாதாரணக் கைத்தொலைபேசி தன் அருகிலுள்ள கோபுரத்தோடு மட்டுமே பேசும். அடுத்த வீட்டுக்குச் செல்லும் அழைப்பும் கோபுரத்துக்குச் சென்றே மீளும். கோபுரம் வீழ்ந்தால், அல்லது அதற்கு மின்சாரம் அற்றால், கையிலுள்ள கருவிகள் அனைத்தும் ஊமையாகின்றன. இதற்கு மாற்றாக, கோபுரம் எதுவுமின்றி ஒவ்வொரு கருவியும் தன் அயற்கருவியோடு நேரே பேசி, ஒன்றின் செய்தியை மற்றொன்று கைமாற்றிக் கடத்தும் முறை 1970களிலேயே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் ஆராயப்பட்டது. 2010ஆம் ஆண்டு ஹெயிட்டி நிலநடுக்கத்தின் பின்னர், அவுஸ்திரேலியாவின் பிளின்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய சேர்வல் என்னும் திட்டம் இம்முறையைச் சாதாரண மக்களின் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவர முயன்றது. இவ்வலையில் அமைந்த ஒவ்வொரு கருவியும் ஒரு கணு எனப்படும். ஒவ்வொரு கணுவும் தனக்காகப் பேசுவது. அதே வேளையில் பிறருக்கு அஞ்சற்காரனாகவும் இருப்பது.

இவ்வாறு கைமாற்றுவதற்கு இயற்பியற் காரணமும் உண்டு. வெட்டவெளியில் தூரம் இருமடங்கானால் வேண்டப்படும் வலு 4 மடங்காகும். நிலத்தை ஒட்டிச் செல்லும் அலைக்கு அது 16 மடங்கு வரையும் உயரலாம். ஆகவே ஒருவன் உரத்துக் கூவுவதைவிடப் பலர் மெல்லப் பேசிக் கடத்துவது சிக்கனமானது. ஆயினும் கடத்துவோனின் மின்கலம் தேய்கிறது. அவன் பிறருடைய சொல்லுக்காகத் தன் ஆற்றலைச் செலவிடுகிறான். அறவினா பிறப்பது இங்கேதான். கருவிக்கு அறமில்லை, அதனைக் கடத்துமாறு அமைப்பதா, கடத்தாதவாறு அமைப்பதா எனத் தீர்மானிக்கும் உடையவனுக்கு அறமுண்டு.

மலையும் நீரும் செய்தியும்

நோட்டன் பிரிட்ஜ் கெசல்கமு ஓயாவின் கரையில் அமைந்த சிற்றூர். அதனைச் சூழ மலைகளும், மலைச்சரிவுகளில் தேயிலையும், தேயிலையினூடே லயங்களும் உள்ளன. ஒரு லயத்திலிருந்து எதிர்மலை லயத்தைக் கண்ணாற் காணலாம். நடந்து செல்ல அரைநாள் ஆகலாம். ஒரே மலையின் இரு பக்கங்களில் வாழ்வோரோ ஒருவரையொருவர் காணவும் இயலாது. வானொலி அலையும் ஏறத்தாழக் கண்ணைப் போன்றதே. மலை மறைப்பின் அது செல்லாது. ஆதலின் இத்தகைய நிலத்தில் இடைநிற்போனின் பங்கு சமவெளியிலும் பெரியது.

இடைநின்று கடத்துதலின் சிறப்பை இவ்வூர் வேறொரு வகையிலும் காட்டுகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றி நோட்டன் நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து 1950இல் தொடங்கிய பழைய லக்சபான மின்நிலையத்துக்குச் செல்கிறது. பின்னர் மவுசாக்கலை வழியே வந்த நீரோடு கூடி, பொல்பிட்டியவிலும் மின்சாரமாகி, இறுதியிற் களனி கங்கையாகிறது. ஒரே நீர் பல இடங்களில் பயன் தருகிறது. ஒவ்வோர் அணையும் தான் பெற்றதைக் கீழே விடுவதனாலேயே அது கைகூடுகிறது.

ஆயினும் நீருக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. நீரைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. அணைகளைத் திறப்பதும் மூடுவதும் ஒரே நிர்வாகத்தின் திட்டம். அங்கு ஒத்துழையாமை என்னும் பேச்சுக்கே இடமில்லை. தமிழ்நாட்டின் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புறப் பார்வை நிலையங்களோடு இணைத்த நெடுந்தூரக் கம்பியில்லா வலையும் இவ்வகையினதே. அதன் கணுக்கள் யாவும் ஒரு நோக்கத்துக்கு உரியவை. பல உடையோரைக் கொண்ட வலையிலோ ஒவ்வொரு கணுவின் பின்னும் ஒரு தனி விருப்பம் உண்டு. செய்தியை இழுத்துச் செல்லும் புவியீர்ப்பு எதுவும் மனிதரிடையே இல்லை.

கடத்தாமையின் மூவகையும் அதன் கணக்கும்

கடத்தாத கணுக்கள் அனைத்தையும் ஒரு தட்டில் வைத்தல் முறையன்று. மின்கலம் தீர்ந்தமையால் கடத்த இயலாதது ஒருவகை. தன் செய்தியைப் பிறர் கடத்த வேண்டுமென எதிர்பார்த்து, பிறர் செய்தியைத் தான் கடத்தாது விடுவது மற்றொரு வகை. ‘என் வழியே வருக’ எனப் பிறரை அழைத்து, வந்த செய்தியை விழுங்கிவிடுவது மூன்றாம் வகை. முதலாவது இயலாமை, இரண்டாவது தன்னலம், மூன்றாவது வஞ்சகம். வெளியிலிருந்து நோக்குவோனுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு. மூன்றிலும் காணப்படுவது ஒரே மௌனம்.

இம்மௌனத்தின் விளைவு கணக்கிடத்தக்கது. அயலவருள் ஒவ்வொருவரும் கடத்தாதிருக்கும் வாய்ப்பு 30 வீதம் எனக் கொள்க. ஓர் அயலவனை மட்டும் உடையவன் தனிமைப்படும் வாய்ப்பும் 30 வீதமே. இருவரை உடையவனுக்கு அது 9 வீதமாகவும், மூவரை உடையவனுக்கு 3 வீதத்துக்கும் சற்றுக் குறைவாகவும் சுருங்குகிறது. மறுபுறம், செய்தி ஒரே வரிசையாக ஐவரைக் கடந்து செல்ல வேண்டியிருப்பின், ஒவ்வொருவரும் 10 முறையில் 9 முறை கடத்தும் நல்லவரே ஆயினும், செய்தி கரைசேரும் வாய்ப்பு 59 வீதமே. பதின்மர் இடைநிற்பின் அது 35 வீதமாகிவிடும். ஒருவரும் தீயவரல்லர், ஆயினும் மூன்றில் இரு செய்திகள் தொலைகின்றன.

இக்கணக்கிலிருந்து அறவியலுக்கு ஓர் உண்மை கிடைக்கிறது. மறுப்பு என்னும் செயல் ஒன்றே. அதன் தீங்கு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. பட்டணத்து மாடிவீட்டில் ஒருவன் மறுத்தால் செய்தி பக்கத்து வீட்டின் வழியே செல்லும். எவரும் அதனை அறியார். மலைக்கணவாயில் தனித்து நிற்கும் லயத்தில் ஒருவன் மறுத்தால் அப்பாலுள்ள தோட்டம் முழுவதும் உலகத்தினின்று அறுபடும். இருவரின் மனநிலையும் ஒன்றாயிருப்பினும் இருவரின் பொறுப்பும் ஒன்றன்று. மாற்று வழி குறையுந்தோறும் இடைநிற்போனின் கடன் மிகுகிறது.

முகவரியில்லா மக்களின் அனுபவம்

மலையகத் தமிழருக்கு இஃது ஏட்டளவான செய்தியன்று. லயங்களில் வாழ்ந்தோருக்கு நெடுங்காலமாகத் தனித்த முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே அவர்களின் முகவரி. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் குவிந்து, அங்கிருந்து கைமாறி லயத்தை அடையும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும், பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும், வங்கியின் அறிவித்தலும் இவ்வழியே வந்தன. தாமதித்து வந்த கடிதத்தால் கைநழுவிய வாய்ப்புகள் பற்றிய பேச்சு மலையகத்தில் எங்கும் கேட்கப்படுவது.

இங்கு இடைநின்றவர் பெரும்பாலும் கொடியவர் அல்லர். அவருக்கு வேறு வேலை இருந்தது, கடிதம் மேசையிற் கிடந்தது, அவ்வளவே. தாம் எதனையும் செய்யவில்லை என்பதே அவர் கூறக்கூடிய விடை. அவ்விடை உண்மையே. ஆயினும் எதனையும் செய்யாமையே ஒருவரின் வருங்காலத்தை மாற்றியது. ஒரே வழியாக அமைந்தவரிடம் செயலின்மையும் ஒரு செயலாகிவிடுகிறது. மேசையிற் கிடந்த கடிதமும் கணுவில் கைவிடப்பட்ட செய்தியும் அறத்தின் கண்ணில் ஒன்றே.

விலையும் தண்டனையும்

இடைநிற்போரைக் கடத்தச் செய்வதற்கு ஆய்வாளர் இரு வழிகளைப் பெரிதும் நாடினர். ஒன்று விலை, மற்றொன்று தண்டனை.

2000ஆம் ஆண்டையொட்டிச் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் புட்டியான், ஹுபோ ஆகிய இருவர் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு கணக்கேட்டை வகுத்தனர். பிறர் செய்தியைக் கடத்துந்தோறும் கணக்கில் ஓர் அலகு ஏறும்; தன் செய்தியை அனுப்பும்போது இடைநிற்போரின் எண்ணிக்கைக்கு ஏற்ப அலகுகள் இறங்கும். உழைத்தவன் பேசலாம், உழையாதவன் பேசலாகாது. முதல் நோக்கில் இதனினும் நேர்மையான ஏற்பாடு இல்லை.

மலையிற் பொருத்தினால் இதன் குறை வெளிப்படுகிறது. ஒரு பள்ளத்தாக்கில் கீழ்ப்பிரிவு, நடுப்பிரிவு, மேற்பிரிவு என மூன்று லயங்கள் வரிசையாக உள்ளன எனக் கொள்க. நடுப்பிரிவின் வழியே இருபுறச் செய்திகளும் செல்வதால் அதன் கணக்கு நிறைகிறது. மேற்பிரிவுக்கு அப்பால் மலையும் காடுமே உண்டு. அதன் வழியே செல்லவேண்டிய செய்தி எவருக்கும் இல்லை. ஆகவே அது ஒருபோதும் ஈட்டாது, பேசுந்தோறும் இழக்கும், இறுதியில் ஊமையாகும். தொடர்பு எவருக்கு மிகவும் வேண்டப்படுகிறதோ அவரையே இந்நேர்மை முதலில் தண்டிக்கிறது. மேற்பிரிவினர் உழைக்க மறுத்தவரல்லர், உழைக்க வாய்ப்பற்றவர். கைம்மாறு என்னும் அடிப்படை, கைம்மாறு செய்ய இயலாதாரைக் கைவிடுகிறது.

தண்டனையின் நிலை வேறு. 2000இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சேர்ஜியோ மார்ட்டியும் உடனாய்வாளரும் ‘காவல்நாய்’ என ஒரு முறையை முன்வைத்தனர். ஒரு கணு தான் கொடுத்த செய்தியை அடுத்தது உண்மையில் கடத்துகிறதா என ஒட்டுக்கேட்கும். கடத்தாதவற்றை விலக்கி வேறு வழி தேடும். கணுக்களில் 40 வீதம் ஒத்துழையாத நிலையிலும் இம்முறையால் வலையின் பயன் 17 வீதம் உயர்ந்ததாக அவர்களின் கணினிப் பரிசோதனை காட்டியது. ஆயின் இதிலொரு முரண் உண்டு. மறுத்தவனைச் சுற்றிக்கொண்டு செல்வதால் அவனுடைய சுமையே இறங்குகிறது. அவனுடைய செய்தியைப் பிறர் தொடர்ந்தும் சுமக்கின்றனர். சோம்பலுக்கு அது பரிசாகிறது. இதனைத் திருத்தப் பின்வந்தோர், மறுத்தவனின் செய்தியையும் எவரும் கடத்தலாகாது என வகுத்தனர்.

அதுவும் இடரற்றதன்று. ஒட்டுக்கேட்பதில் அலைகள் மோதிப் பிழை நேரலாம். கடத்தியவனே கடத்தாதவன் எனக் குற்றஞ்சாட்டப்படலாம். இயலாமையைத் தன்னலமெனப் பிழையாகக் கொள்ளலாம். அதனினும் பெரிய இடர், தண்டிக்கப்பட்ட கணுவுக்கு அப்பால் நிற்போர் எக்குற்றமும் செய்யாமலே தனிமைப்படுவதாகும். நடுப்பிரிவின் பிழைக்காக மேற்பிரிவைத் துண்டிப்பது எவ்வகை நீதி?

தன்னலக் கணக்கு மட்டுமே இவர்களை இணைத்துவிடாதா என்னும் ஐயம் எழலாம். ஃபெலெகிஹாசி, ஹுபோ, புட்டியான் ஆகியோர் 2006இல் ஆட்டக் கோட்பாட்டின் வழியே இதனை ஆராய்ந்தனர். தன்னலத்தால் மட்டுமே ஒத்துழைப்பு நிலைபெறுதல் கொள்கையளவில் இயலும். நடைமுறையில் அதற்குரிய நிபந்தனைகள் பெரும்பாலும் வாய்ப்பதில்லை என்பதே அவர்களின் முடிபு. கொடுப்பதும் பெறுவதும் எல்லோருக்கும் சமமாக அமைந்த இடக்கிடப்பு அரிது என்பதே காரணம்.

உடைமை என்னும் எதிர்வாதம்

‘மின்கலம் என்னுடையது, அதனை எவருக்குச் செலவிடுவது என்பது என் உரிமை’ என்பான் ஒருவனை எவ்வாறு எதிர்கொள்வது? அவன் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, மலையகத்தின் பல பகுதிகளில் மண்சரிவால் வீதிகள் மறைந்தன; மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றன. அத்தகைய இரவில் எஞ்சிய சிறிது மின்சக்தியைத் தன் குழந்தைக்கு உதவி கோருவதற்கென ஒரு தாய் காத்துவைத்தால் அவளைத் தன்னலத்தாள் என எவர் கூறுவார்? உயிர்ப்பிழைப்புக்கு வேண்டியதைக் காத்தல் ஒத்துழையாமை ஆகாது. கடன் என்பது இயன்ற அளவினதே.

ஆயின் மின்கலம் நிறைந்திருக்கையிலும் கடத்த மறுப்போன் நிலை அத்தகையதன்று. இமானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில், ஒருவன் தன் நடத்தை விதி எல்லோருக்கும் விதியாவதை விரும்ப இயலுமா என வினவுமாறு பணித்தார். எவரும் கடத்தாத உலகில் வலையமைப்பே இல்லை. ஆகவே கடத்தாது பெற விரும்புவோன், தான் கைக்கொண்ட விதியைப் பிறர் கைக்கொள்ளலாகாது என்னும் மறைமுக விருப்பத்தின் மீதே வாழ்கிறான். பொய் வாக்குறுதி அளிப்போன் பிறரின் நம்பிக்கையை உண்டு வாழ்வதைப் போன்றது இது. அனுப்பாமலும் பெறாமலும் கருவியை அணைத்து வைப்போனிடம் இம்முரண் இல்லை. அவன் துறவி, அவன்மீது ஏமாற்றுக் குற்றம் சாராது. ஆயினும் அவன் கணவாயின் ஒரே வாயிலில் அமர்ந்திருப்பானாயின், பிறர் துன்பம் அவனுடைய துறவினும் முன்னுரிமை பெறும்.

ஒப்புரவு என்னும் விடை

வள்ளுவர் செய்ந்நன்றியறிதல், ஒப்புரவறிதல், ஈகை என மூன்றையும் வேறுவேறு அதிகாரங்களில் வைத்தமை இங்கு ஒளி தருகிறது. பெற்றதற்குச் செய்வது ஒன்று. இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் அடங்காது, ஊரோடு ஒத்து வாழ்வோன் தன் வாழ்வின் இயல்பாகவே செய்வது ஒப்புரவு. செய்தி கடத்துதல் கைம்மாறுமன்று, கொடையுமன்று, ஒப்புரவு.

தமிழர் வழக்கில் இதற்குச் சான்று உண்டு. நல்ல காரியத்துக்கு அழைத்தபின் போவதும் துக்கத்துக்கு அழையாமலே போவதும் வழக்கு. ஒரு தோட்டத்தில் மரணம் நிகழ்ந்தால் கேதச் செய்தி தோட்டத்துக்குத் தோட்டம், ஆளுக்கு ஆள் கைமாறிச் செல்லும். பேச்சுவார்த்தை அற்ற வீட்டாரும் அதனை மறைப்பதில்லை. அதற்குக் கூலி கேட்பவர் இல்லை. இறந்தவர் தமக்கு முன்பு எதனைச் செய்தார் எனக் கணக்குப் பார்ப்பவரும் இல்லை. செய்தி தன்னிடம் வந்துவிட்டது, அப்பால் ஒருவர் காத்திருக்கிறார் என்பதே போதிய காரணம்.

அறவுணர்வை மட்டும் நம்பியிருத்தலும் போதாது. எலினோர் ஒஸ்ட்ரோம் 1990இல் வெளியிட்ட நூலில், பொதுநீரையும் பொதுநிலத்தையும் நெடுங்காலம் காத்த கிராமங்களை ஆராய்ந்து, அவற்றின் தண்டனைகள் படிப்படியாக ஏறுவனவாக இருந்தமையை ஒரு பொதுப்பண்பாகக் கண்டார். முதற் பிழைக்கு நினைவூட்டல், தொடர்வோனுக்கே கடுமை. இயலாமையையும் தன்னலத்தையும் பிரித்தறிய அவகாசம் தருவது இதுவே. 2004இல் ஸ்பெயினின் கற்றலோனியாவில் தொடங்கிய குய்ஃபி என்னும் மக்கள் வலையமைப்பு, இணைவோர் யாவரும் பிறர் செய்தி தம்வழியே செல்ல இடமளிக்க வேண்டும் என்பதைத் தன் பொது உடன்படிக்கையில் எழுதிவைத்தது. அங்கு எவரும் அலகு எண்ணுவதில்லை. வழிவிடுதல் உறுப்பினன் என்பதன் பொருளிலேயே அடங்கியுள்ளது.

சமூகத்துக்கும் ஒரு கடன் உண்டு. கணவாயில் வாழ்வோன் அவ்விடத்தைத் தன் விருப்பாற் கொண்டவனல்லன். பலருக்கு வழியாக நிற்கும் அவனுடைய சுமையை அவன் ஒருவனே தாங்க வேண்டும் என்பது நீதியன்று. இமயச்சாரலின் தர்மசாலாவில் அமைந்த எயர்ஜால்டி வலையில், மலையுச்சிக் கணுக்கள் சூரிய ஒளியால் இயங்குமாறு செய்யப்பட்டன. நடுப்பிரிவின் கூரைக்கும் அத்தகையதோர் ஏற்பாட்டைப் பொதுச்செலவில் செய்துகொடுத்து, அதன்பின் அவனிடம் கடனைக் கேட்பதே முறை. அதனுடன், மேற்பிரிவுக்கு இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் அமைத்தல் வேண்டும். ஓர் அயலவனை மட்டும் உடையவனுக்கு அவனுடைய நற்குணமே கதி. மூவரை உடையவனுக்கு அந்த அச்சம் பெரிதும் நீங்குகிறது.

ஆகவே இவ்வினாவுக்கு இரு பக்கமும் விடை உண்டு. இடைநிற்போனுக்கு: அவன் வழியே செல்லும் செய்தி அவனுடையதன்று, இயன்றவரை அதனைக் கடத்துதல் அவன் கடன். சமூகத்துக்கு: எந்த மனிதனின் தொடர்பும் இன்னொரு தனிமனிதனின் மனநிலையில் தங்கியிராதவாறு வழிகளைப் பெருக்குதல் அதன் கடன். முகவரியின்றி வாழ்ந்த மக்கள், கடிதம் வந்ததா என ஓர் அலுவலகத்தின் வாசலில் நின்று கேட்ட காலம் இவ்விரண்டாம் கடன் நிறைவேறாத காலமாகும். கருவிகள் மாறினும் அக்கடன் மாறவில்லை. மேற்பிரிவின் கடைசி லயத்தில் இருப்பவன் எவரிடமும் இரவாது தன் சொல்லை அனுப்ப இயலும் நாளே அது நிறைவேறிய நாளாகும்.